எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் ஏன் அனுப்பக்கூடாது?

மென்பொருளின் புதிய வடிவத்தைப் பயனரின் கணினிகளில் கொண்டுசேர்ப்பது 'வெளியீடு' எனப்படுகிறது. அதில் பிழையைவிடப் பிழை பரவும் வேகமே பெருங்கேடு என்பதை, 2024 ஜூலை 19 அன்று மீனம்பாக்கம் உட்பட உலகின் பல விமான நிலையங்களில் சேவையைக் குலைத்த கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் நிகழ்வு காட்டியது. அந்தப் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கூறு 21 உள்ளீடுகளை எதிர்பார்க்க, 20 மட்டுமே தரப்பட்டதால், இல்லாத ஒன்றைத் தேடி நினைவகத்தின் எல்லை தாண்டிப் படித்த நிரல், இயங்குதளத்தின் உட்கருவிலேயே இயங்கியமையால், விண்டோஸையும் சேர்த்துக் கவிழ்த்தது. இந்திய நேரப்படி காலை 9.39க்கு வெளியான, இப்பிழையைத் தூண்டிய புதுப்பிப்புக் கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும், ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் அதற்குள் வீழ்ந்திருந்தன; தொடங்கும்போதே கவிழும் கணினிக்கு இணையவழித் திருத்தம் எளிதில் எட்டாது என்பதால், பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய நேர்ந்தது.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கு மாற்றான 'படிநிலை வெளியீட்டில்' முதலில் சிறு குழுவுக்கு மட்டும் அனுப்பி, கவிழ்வுகளை அளந்து, குறையில்லையெனில் வட்டத்தை விரிப்பர். சுரங்கத்தில் நச்சுக்காற்றை உணர்த்திய பறவையின் பெயரால் அம்முதற்குழு 'கேனரி' எனப்படும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் இந்தப் பானையில் பல வகை அரிசி கலந்திருப்பதால், அக்குழுவில் பழையதும் புதியதுமான பலவகைக் கணினிகள் இடம்பெற வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமும் பின்னர் இம்முறைக்கே மாறியது.