பழைய ஆர்எக்ஸ் 100 வெள்ளையாகப் புகைவது ஏன்?

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100, 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி. செஞ்சியிலானாலும் சென்னையிலானாலும், அது அதிகமாகப் புகைந்தால் உடனே ‘போர் போடணும்’, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைய வேண்டும் என்பார்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அது சரியாக இருக்கலாம்: பிஸ்டன் ரிங் தேய்ந்தால் கீழேயுள்ள ஆயில் மேலேறி எரியும். டூ-ஸ்ட்ரோக்கின் கிராங்க் அறையில் ஆயில் தேங்கி நிற்பதில்லை. அங்குள்ள ரப்பர் சீல் தேய்ந்தால், பக்கத்து கியர்பாக்ஸ் ஆயில் உறிஞ்சப்பட்டு எரிகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கியர் ஆயில் அளவைப் பாருங்கள். வெளியே ஒழுகாமலே குறைந்தால் சீலைச் சந்தேகியுங்கள். குறையவில்லையா? பெட்ரோலுடன் கலந்து எரியும் 2டி ஆயிலை அதன் பம்ப் கூடுதலாக விடுகிறதா என்று பார்க்க வேண்டும். கிக்கரில் அழுத்தமும் ஓட்டத்தில் இழுவையும் குறைந்திருந்தால்தான் போரை அளக்க வேண்டும்.

அளந்து காட்டி, கழற்றிய பாகத்தையும் கையில் கொடுப்பவரே நம்பத்தக்க மெக்கானிக். அவருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.