ஏழு பேர்ச்சும் ஒரு மழைக்காலமும்

கட்டுமானத் திட்ட முகாமைத்துவம் என்பது, ஒரு வேலையை எவ்வளவு காலத்தில், எவ்வளவு செலவில், எத்தகைய தரத்தில் முடிப்பது என்ற மூன்று கேள்விகளையும் ஒருசேரக் கையாளும் துறையாகும். இலங்கையில் இதனைப் பட்டப்பின் படிப்பாக மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் குடிசார் பொறியியல் துறை நடத்திவருகிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டத்திலும், பாடநெறியை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. கொழும்பின் அடுக்குமாடிகளுக்கென்றே வகுக்கப்பட்டதுபோலத் தோன்றும் இப்பாடத்தின் கருவிகள், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் லயன் காம்பராக்களுக்குப் பதிலாக எழும் 550 சதுர அடி வீடுகளுக்கே அதிகம் தேவைப்படுகின்றன.

இக்கருவிகளுள் முதன்மையானது, 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் உருவான 'கிரிட்டிக்கல் பாத்' முறையாகும். ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று தொடங்க முடியும் என்ற வகையில் பிணைந்துள்ள வேலைகளில், மிக நீண்ட சங்கிலியைக் கண்டறிந்து, அதில் ஒரு நாள் பிந்தினாலும் முழு வேலையும் ஒரு நாள் பிந்தும் என்பதை முன்கூட்டியே காட்டுவது இதன் பயன். இச்சங்கிலிக்கு வெளியேயுள்ள வேலைகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. அதனை 'புளோட்' என்பர்.

யட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு தோட்ட வீட்டுக்கு இச்சங்கிலியை வரைந்து பார்த்தால், அதன் நீண்ட பகுதி கொத்தனாரின் கைக்கு வருமுன்பே கழிந்துவிடுவது தெரியும். தோட்டக் காணி 1992இன் பின்னர் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருப்பதால், குடும்பத்துக்கு ஏழு பேர்ச் விடுவிக்கப்பட வேண்டும். நில அளவையாளர் எல்லைக்கல் நாட்ட வேண்டும். மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கிடைக்க வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் கூலியாட்களைக் கூட்டி விரைவுபடுத்த இயலாது. அறிக்கை பெப்ரவரிக்கு மாறாக ஏப்ரலில் கைக்கு வருமாயின், இழப்பு இரண்டு மாதத்தோடு நிற்பதில்லை. மே மாதத்தில் தென்மேல் பருவமழை இறங்கிவிட, சரிவை வெட்டி அத்திவாரம் தோண்டுவது ஆபத்தாகி, அது ஓய்ந்தபின் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழையும் வந்துசேர, வேலை அடுத்த தை மாதத்துக்கே தள்ளிப்போகிறது. மழை விட்ட நாளிலும் ஆள் கிடைப்பது உறுதியல்ல. றப்பர் பால்வெட்டுக்கு உகந்த காலையும் அத்திவாரத்துக்கு உகந்த காலையும் ஒன்றே. வேலையை அளந்து, ஆள் கணக்கிட்டு, கூலி பேசிக் கொடுக்கும் கொந்தரப்பு முறை தோட்டத்துக்குப் பழையதே என்பதால், ஆள் ஒதுக்கீடு பற்றிய பாடநூல் அதிகாரம் தோட்டத்து இளைஞனுக்கு முற்றிலும் புதியதன்று.

மண்சரிவு அறிக்கையை வெறும் சம்பிரதாயம் என ஒதுக்கிவிட முடியாது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து பல உயிர்களைப் பறித்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்து லயனும் மண்ணுக்குள் போயிற்று.

நிலம் ஒளித்துவைக்கும் இடரைப் பற்றிய பாடத்துக்குப் பலாங்கொடைக்கு அருகேயே பெரிய உதாரணம் உண்டு. வளவை கங்கைக்குக் குறுக்கே 110 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்ட சமனலவெவ அணையின் வலது கரையில், சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்த குழிவுகள் இருந்தன. துளையிட்டுச் சீமெந்துக் குழம்பு செலுத்தியும் பயனின்றி, 1992 ஒக்டோபரில் நீர் பீறிட்டது. 1998இல் படகுகளிலிருந்து மண்ணைக் கொட்டி நீர் புகும் வாயை மூட முயன்றபோதும் கசிவு குறைந்ததேயன்றி நிற்கவில்லை. வெளியேறும் நீர் கல்தொட்ட வயல்களுக்குப் பாய்கிறது. இவ்வாறு முன்னறிய முடியாத நிலத்தின் செலவை யார் ஏற்பது என்பதை, பிடிக் எனப்படும் சர்வதேச ஒப்பந்த மாதிரியின் 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகம் 4.12ஆம் வாசகத்தில் வகுத்துள்ளது: அனுபவமுள்ள ஒப்பந்தகாரராலும் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத நிலைமையாயின், உரிய அறிவித்தலின் பேரில் அவர் கூடுதல் காலமும் செலவும் கோரலாம்.

தோட்ட வீட்டுக்கு அத்தகைய வாசகம் எங்கே? மத்திய, ஊவா மாகாணங்களில் 2016இல் தொடங்கிய இந்திய உதவி வீடமைப்புத் திட்டத்தின் 4,000 வீடுகளில், குடும்பமே முன்னின்று கட்ட, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தவணைப் பணம் கொடுக்கும் முறை பின்பற்றப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளின் திட்டமே சப்ரகமுவைக்கும் விரிந்தது. உரிமையாளரே கட்டும் இம்முறையில் குடும்பம் தான் விரும்பிய வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பெரும் நன்மைதான். ஆயினும் தவணை, சமதரை வீட்டின் பி.ஓ.கியூ.வை, அதாவது வேலைகளையும் அளவுகளையும் விலையிட்ட பட்டியலை, ஒட்டி வகுக்கப்படுமாயின், சரிவை வெட்டியபின்பே தேவையெனத் தெரியவரும் தாங்குசுவரின் கருங்கல்லும் சீமெந்தும் அப்பட்டியலில் இராது. அந்தச் சுவருக்காக அடகுக்குப் போவது வீட்டுக்காரியின் தோடாகவே இருக்கும்.