உஷார்! அந்த ‘அப்பாலஜி லெட்டர்’ உங்களுக்கே எதிரான சாட்சி

“ஒரு அப்பாலஜி லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா, மேட்டர் இதோட முடிஞ்சிடும்.” பிட்டோடு பிடிபட்டவரிடமும், ஹாஸ்டல் தகராறில் பெயர் அடிபட்டவரிடமும் முதலில் நீளுவது இந்தப் பேச்சும் ஒரு வெள்ளைத் தாளும்தான். மாணவர்களே, உஷார்! மேட்டர் அங்கே முடிவதில்லை, ஆரம்பிக்கிறது.

விசாரணைக் கமிட்டி கூடும்போது மேசையில் இருக்கிற ஃபைலில் அந்தக் கடிதம்தான் மேலே இருக்கும். பயத்தில் எழுதிய “தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்” என்ற வரியைக் குற்ற ஒப்புதலாகவே வாசிப்பார்கள். பிறகு நீங்கள் என்ன சொன்னாலும், “அப்போ இதை ஏன் எழுதினே?” என்ற ஒரே கேள்வியில் வாயடைத்துப் போவீர்கள்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். “காலை 10.40 மணிக்கு என் மேசைக்கு அடியில் கிடந்த தாளைக் கண்காணிப்பாளர் எடுத்தார். அது என் கையெழுத்தல்ல” என்கிற அளவுக்கு. தப்பு செய்திருந்தால் மறைக்காதீர்கள். பொய் பிடிபட்டால் தண்டனை கூடும். ஆனால், செய்யாததையும் சேர்த்து ஏற்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கொடுத்ததைப் படம் எடுத்து வையுங்கள். படம் எடுக்க விடவில்லையா? என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று அன்றைக்கே துறைத் தலைவருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

ராகிங் புகார் என்றால் இன்னும் ஆபத்து. யுஜிசியின் 2009 விதிகளின்படி, குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆர் பதிவாக வழிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கமிட்டிக்கு எழுதிய காகிதம் காவல் நிலையம் வரை போகலாம். ஒரு வழக்கறிஞரிடம் பேசாமல் பேனாவைத் தொடாதீர்கள். வாட்ஸ்ஆப் மெசேஜ்களை அழிக்கவும் கூடாது. எதிர்த் தரப்பு போனில் அவை இருக்கும். அழித்தது மட்டும் உங்கள் தலையில் விழும்.

எந்த விதியின் கீழ் என்ன குற்றச்சாட்டு என்பதை எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். காப்பி அடித்ததாகக் குற்றம்சாட்டி உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் மூன்று மாணவர்களை விளக்கம் கேட்காமலே தண்டித்த வழக்கில், அவர்கள் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்காக சினிமா கோர்ட் போல சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று கனவு காணாதீர்கள். ராஞ்சி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பெண்கள் விடுதிக்குள் நுழைந்த வழக்கில், புகார் கொடுத்த மாணவிகளின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று 1973-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பலம் உங்கள் காகிதங்கள்தான். தேதிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு, மெயில் பிரிண்ட், நேரில் பார்த்தவரின் கடிதம், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.

பெற்றோர்களே, நீங்களும்தான்! உள்ளே போனதும் கமிட்டியின் காலில் விழுவதும், அவர்கள் எதிரிலேயே பிள்ளையை அறைவதும் பிள்ளை குற்றவாளி என்று நீங்களே சொல்வதற்குச் சமம். கேட்ட கேள்விக்கு மட்டும் பிள்ளை பதில் சொல்லட்டும். நுணலும் தன் வாயால் கெடும்.

வெளியே வரும்முன் விசாரணைப் பதிவில் கையெழுத்து கேட்டால் வரி விடாமல் படியுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். உத்தரவை எழுத்தில் வாங்கி, மேல்முறையீட்டுக் கெடு எந்தத் தேதி என்று பாருங்கள். கல்லூரி அசல் சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தால், 2023 யுஜிசி விதிகளின் கீழ் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம் முறையிடலாம். கெடு போனால் நியாயமும் போச்சு!