நமுத்துப்போன மருந்து

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு தனிவகை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்கான உரிமம் வாங்கியவர் தோட்டாத் துப்பாக்கியைத் தொடக்கூடாது. குழலின் வாய்வழியே மருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுகிற பழைய வகைத் துப்பாக்கிதான் கையில் இருக்க வேண்டும். 1974 முதல் இது நடந்துவருகிறது. பருவமோ பனியும் சாரலும் மாறிமாறிக் கொட்டும் காலம். விடிவதற்கு முன்பே போய் மரத்தடியில் உட்கார்ந்தவர் முன்னால், நாலு மணி நேரம் கழித்து, நாற்பதடி தூரத்தில் ஒரு மான் வந்து நிற்கிறது. விசையை அழுத்துகிறார். கல் உரசுகிறது, பொறி பறக்கிறது. அது விழும் இடத்திலோ மருந்துக்குப் பதிலாகக் கறுப்புச் சேறு. சத்தம் கேட்ட மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறது.

ஐப்பசி மழையில் தீபாவளி கொண்டாடியவர்களுக்கு இந்த நிலையைச் சொல்ல ஒரே சொல் போதும்: நமுத்துப்போச்சு.

முழுவதும் நமுத்தால்கூட ஒருவகையில் பாதகமில்லை. மான் பிழைத்துப் போகும். அரைகுறையாக நமுத்தால்தான் ஆபத்து. விசையை அழுத்திய பிறகு ஒரு நொடியோ அதற்கு மேலோ தயங்கி, எதிர்பாராத நேரத்தில் துப்பாக்கி வெடிக்கும். அதற்குள் குறி விலகியிருக்கும், மான் ஓரடி நகர்ந்திருக்கும், குண்டு வயிற்றிலோ தொடையிலோ பாயும். காயத்தோடு ஓடிய மான் எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் கிடந்து சாகும். ‘வெடிக்கவில்லையே’ என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கோ உயிரே போகலாம். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள், வெடிக்காத துப்பாக்கியை ஆளில்லாத திசையில் நீட்டியபடியே ஒரு நிமிடமாவது காத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது பழங்கதை. ஆனாலும் மருந்தை ஈரத்திலிருந்து காக்கும் இந்தக் கலைக்குள் இருக்கிற வேதியியல் நம் அடுப்படி வரைக்கும் வருகிறது.

முதலில் அந்தக் கருவியின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். குழலின் அடிப்பகுதியில், பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். பெயர் பற்றுவாய். அதன் அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். துளைக்கு வெளியே ஒரு சிறு கிண்ணி. குழலுக்குள் கெட்டித்த மருந்தைவிட நைசான மருந்து ஒரு சிட்டிகை அதில் கிடக்கும். விசையை அழுத்தினால், கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசும். அந்தத் தகடே கிண்ணிக்கு மூடியும்கூட. அடிபட்டதும் பின்னால் சாய்ந்து கிண்ணியைத் திறந்துவிடும். நாம் பொறி என்று பார்ப்பது கல்லின் துணுக்கு அல்ல. கல் சீவியெடுத்த எஃகுத் துகள், காற்றுப் பட்டு எரிவதுதான் அது. கிண்ணி மருந்து பற்றி, அந்தச் சூடு பற்றுவாய் வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைக் கொளுத்த வேண்டும். இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தாக வேண்டும்.

இதில் தண்ணீர் எங்கே வேண்டுமானாலும் கைவைக்கலாம். எஃகுத் தகட்டில் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் கல் வழுக்கிக்கொண்டு போகும், சீவாது. மூடிக்கும் கிண்ணிக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் மழைநீர் உள்ளே கசியும். நிமிர்த்திப் பிடித்தால் குழல்வாய் வழியாக நேராகவே இறங்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கரிமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பும் ஓர் உப்புதான். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு உண்டா? ஒவ்வோர் உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சுத்தமான சமையல் உப்புக்கு அந்த எல்லை ஏறக்குறைய 75 சதவீதம். கல்லுப்பில் மெக்னீசியம் உப்புகள் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். வெடியுப்பான பொட்டாசியம் நைட்ரேட்டுக்கோ எல்லை 90 சதவீதத்துக்கும் மேலே. அதாவது நல்ல சுத்தமான வெடியுப்பு, உப்பு ஜாடி நீர்விடும் நாளிலும் உலர்ந்தே இருக்கும். பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிப்போன வெடியுப்பைப் போர்த் தொழிலுக்காகத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சுத்தப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் மறுபக்கத்தையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1857-இல் அமெரிக்காவில் லாமோ டூபான்ட் என்பவர், தென்னமெரிக்காவிலிருந்து மலிவாகக் கிடைத்த சோடியம் நைட்ரேட்டை வைத்து ஒரு மருந்து செய்து காப்புரிமை வாங்கினார். சுரங்கங்களில் அது நன்றாகவே ஓடியது. ஆனால் சோடியம் நைட்ரேட் தண்ணீரை இழுக்கும் எல்லையும் சமையல் உப்பைப் போலத்தான். அதனால் பாறை உடைக்க ஆன மருந்து துப்பாக்கிக்கு ஆகவில்லை.

அப்படியானால் நல்ல மருந்தை வைத்திருப்பவருக்கு ஏன் நமுக்கிறது? முதல் முறை சுட்டபோது மிஞ்சிய சாம்பலால். கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகப் போவதில்லை. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று கெட்டியாகக் குழலிலும் கிண்ணியிலும் அப்பிக்கொள்ளும். அந்தப் பொட்டாசியம் கார்பனேட் தண்ணீரை இழுக்கத் தொடங்கும் எல்லை வெறும் 43 சதவீதம்! மழையே வேண்டாம், வெயில் நாளின் காற்றிலிருந்தே அது ஈரத்தை உறிஞ்சும். ஒரு முறை சுட்டு, துடைக்காமல் மறுபடி கெட்டித்தவர், புது மருந்தை ஈரக் களிம்பின் மேல் கொட்டியவராகிறார். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேட்டைக்காரர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஈரம் மேகத்திலிருந்து வருவதைவிட அதிகமாக, தன் துப்பாக்கியின் முந்தைய வெடியிலிருந்தே வருகிறது.

இரண்டாவது மறைமுக எதிரி அறையின் கதகதப்பு. பானைத் தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்ப்பது போல, பனியில் உறைந்த இரும்பு சூடான அறைக்குள் வந்ததும் வியர்க்கும். குழலுக்குள்ளும் வியர்க்கும், பற்றுவாயிலும் வியர்க்கும். அதனால் காட்டுக் குடிசையில் தங்குபவர்கள், இரவில் தாங்கள் மட்டும் அடுப்பருகே போய், துப்பாக்கியைக் குளிர்ந்த கொட்டகையில் பூட்டிவைக்கிறார்கள். எண்ணெயும் எதிரிதான். துருப்பிடிக்காமல் இருக்க விட்ட எண்ணெய் பற்றுவாயில் தங்கினால், அதுவும் தண்ணீர் செய்யும் வேலையையே செய்யும். கெட்டிப்பதற்கு முன் எரிசாராயத்தில் நனைத்த துணியால் குழலையும் கிண்ணியையும் துடைப்பார்கள். சாராயம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடும், மீதம் வைக்காது.

இனி கைவேலை. தேன்மெழுகையும் ஆட்டுக் கொழுப்பையும் சேர்த்து உருக்கிய களிம்பைக் கிண்ணியின் விளிம்பில் மெல்லப் பூசி மூடினால் நீர் உள்ளே போகாது. பற்றுவாயில் ஓர் இறகின் காம்பைச் செருகி வைத்து, சுடும் தருணத்தில் உருவிவிடலாம். ஈயக்குண்டைச் சுற்றிய துணிக்குக் கொழுப்புத் தடவினால் அது குழலை இறுக்கி அடைத்து, மேலிருந்து இறங்கும் நீரைத் தடுக்கும். குழல்வாயைச் சின்ன ரப்பர் பலூன் போட்டு மூடுவது இந்தக் காலத்து வழி. விசைப்பகுதி முழுவதையும் மூட ஒரு தோலுறை உண்டு. அதை ஆங்கிலத்தில் மாட்டு முழங்கால் என்பார்கள். முட்டியில் தோல் இயல்பாகவே வளைந்திருப்பதால், அந்த இடத்துத் தோலை எடுத்துக் கொழுப்பூட்டி வைத்தால் துப்பாக்கியின் வளைவில் கச்சிதமாக உட்காரும். யார் முதலில் கண்டுபிடித்தாரோ, மாட்டின் உடம்பை அணுவணுவாக அறிந்த மனிதராகத்தான் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, குழல்வாயைத் தரையை நோக்கிச் சாய்த்து, விசைப்பகுதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். அதோடு கிண்ணி மருந்தை அவ்வப்போது கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஒரு சிட்டிகை மருந்துக்குக் கணக்குப் பார்ப்பவர் காட்டுக்குப் போகாமலிருப்பதே மானுக்குச் செய்யும் நன்மை.

இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டியவரும் வேட்டைக்காரர்தான். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்தில் பெல்ஹெல்வி என்ற ஊர். அங்கே போதகராக இருந்தவர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். நீர்ப்பறவைகளைச் சுடப் போகும்போது, கிண்ணியில் எழும் ஒளியைக் கண்டதுமே பறவைகள் நீருக்குள் மூழ்கித் தப்பிவிடுவது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. முதலில் ஒளியை மறைக்க விசைப்பகுதிக்கு மேல் ஒரு முக்காடு செய்து பார்த்தார். பிறகுதான், ஒளியே வேண்டாம், அடித்தால் வெடிக்கும் உப்புகளையே பயன்படுத்தலாமே என்று யோசித்தார். 1800-இல் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி அறிவித்திருந்தார். சிறுவர்கள் தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் சுருள் கேப்பு வெடிப்பதும் அடியால்தான். ஃபோர்சைத்தை லண்டன் கோபுரத்துக்கு வரவழைத்து ஆராய்ச்சி செய்ய இடம் கொடுத்தவர் மொய்ரா பிரபு. பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பெயரில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்த அதே மனிதர். லண்டனில் மொய்ரா வகித்த பதவிக்கு அவருக்கு அடுத்து வந்த சாத்தம் பிரபு, போதகரை வெளியேற்றிவிட்டார். ஃபோர்சைத் 1807-இல் தாமே காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் தத்துவம் சுண்டுவிரல் நுனியைவிடச் சிறிய செப்புத் தொப்பியாக, கேப்பாக உருமாறியது. திறந்த கிண்ணி போயிற்று. மழைக்கு இருந்த பெரிய வாசல் அடைபட்டது.

1834-இல் இங்கிலாந்தின் வூலிச்சில் இரண்டு வகைத் துப்பாக்கிகளையும் எல்லா வானிலையிலும் ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை பற்றவில்லை. கேப்புத் துப்பாக்கி பற்றாதது 36 முறை.

இந்த விடை தெரிந்து ஏழாண்டுகள் ஆன பிறகும் சென்னைச் சிப்பாய்களின் கையில் கல் துப்பாக்கிதான் இருந்தது. முதல் அபினிப் போரில், 1841 மே மாத இறுதியில், சீனாவின் கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி அருகே 37-ஆவது சென்னைச் சுதேசிக் காலாட்படையின் ஒரு பிரிவு, இடிமழையில் மற்றப் படையிடமிருந்து பிரிந்து வயல்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அறுபது பேர் இருக்கலாம். ஆயிரக்கணக்கான சீனக் கிராமத்தார் ஈட்டிகளோடு சூழ்ந்துகொண்டார்கள். துப்பாக்கிகள் ஒன்றும் பற்றவில்லை. சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி நின்றார்கள். மழை சற்று ஓய்ந்தபோது, உடம்பில் நனையாமல் மிஞ்சியிருந்த ஒரே துணியான தலைப்பாகையின் உள்மடிப்பை எடுத்துக் குழல்களைத் துடைத்து ஓரிரு முறை சுட்டார்கள், மறுபடி மழை. இருட்டிய பிறகு அவர்களைத் தேடி வந்து மீட்டவர்கள் கேப்புத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள். அதே மழையில் அவை வெடித்தன. ஒரு சிப்பாய் இறந்திருந்தார், பலர் காயம்பட்டிருந்தார்கள். தங்கள் மண்ணைக் காக்க வந்த அந்த உழவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் போரே நியாயமற்றது. ஆனால் வூலிச் முடிவு கையில் இருந்தும், கடல்கடந்து மழை நாட்டுக்கு அனுப்பிய இந்தியச் சிப்பாய்க்குப் பழைய துப்பாக்கியையே கொடுத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேப்பு வந்த பிறகும் ஈரம் முழுக்கத் தோற்றுவிடவில்லை. கேப்பு வெடித்தும் அதற்கு அடியிலுள்ள சிறு குழாயில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் தீ உள்ளே எட்டாது. குழலுக்குள் கிடப்பது அதே கரிமருந்துதான். சாம்பலும் அதே சாம்பல்.

பென்சில்வேனிய வேட்டைக்காரர் சாயங்காலம் வீடு திரும்பியதும் முதலில் அடுப்பில் வெந்நீர் வைக்கிறார். நாள் முழுக்க எந்தத் தண்ணீருக்குப் பயந்தாரோ அதையே இப்போது குழலுக்குள் ஊற்றுகிறார். சாம்பலில் பெரும்பகுதி உப்பு என்பதால் எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சல்பைடு நனைந்து அழுகிய முட்டை நாற்றம் அறையை நிரப்புகிறது. கறுத்த நீர் தெளியும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கொதிநீரில் சூடேறிய இரும்பு தன்னுள் மிஞ்சிய ஈரத்தைத் தானே ஆவியாக்கிவிடுகிறது. துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைத்து, கடைசியாக ஒரு மெல்லிய பூச்சுக் கொழுப்பு தடவி, குழல்வாய் கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்துவைக்கிறார்.