ரொட்டிப் பெட்டிக்குள் புதுக் கணினி

1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 கணினிக்கு, அதன் உருவத்தைப் பார்த்து ‘ரொட்டிப் பெட்டி’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். நினைவகம் வெறும் 64 கிலோபைட். உள்ளே செத்துப்போன அந்தப் பெட்டிகளில் இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை என்ற கணினிப் பலகையைப் பொருத்துகிறார்கள் ஆர்வலர்கள்.

பலகை சமர்த்தாக உட்கார்ந்துவிடும், தகராறு பெட்டியின் பழைய விசைப்பலகையில்தான். அதற்கு யூஎஸ்பி தெரியாது. குறுக்கே 8, நெடுக்கே 8 என ஓடும் கம்பிகளில் எந்த இரண்டு தொட்டுக்கொள்கின்றன என்பதே அதன் பாஷை. அதைப் படித்து யூஎஸ்பிக்கு மொழிபெயர்க்க, நடுவில் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும்.

திரைக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளுக்காகப் பெட்டியைத் துளைக்க மனம் வராதவர்கள், பின்னால் இருக்கும் பழைய கார்ட்ரிட்ஜ் வாய் வழியாகவே அதை வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஓடுகிற கணினியைப் பிரிப்பது மட்டும் அநியாயம்!