பன்னிரண்டு வண்டி, ஒரு ஸ்டெப்னி!

காரின் டிக்கியில் ஒரு டயர் படுத்திருக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து சும்மாவே தூங்கும். யாரும் துடைப்பதில்லை, காற்றுப் பார்ப்பதில்லை. நடுராத்திரியில் நடுரோட்டில் 'டுமீல்' என்று பஞ்சராகும்போதுதான், "ஸ்டெப்னியில காத்து இருக்கணும் முருகா!" என்று வேண்டிக்கொள்வோம். (வேறு அர்த்தத்தில் படித்துவிட்டு சிரிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.)

அமெரிக்காவில் இந்த உத்தியோகத்துக்கு டாலரில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். பதவியின் பெயர் 'பேக்-அப் க்வார்ட்டர்பேக்'.

அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கிற சமாச்சாரம் இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் தலையணை மாதிரி பேடு, கையில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து. பக்கத்துக்குப் பதினோரு பேர். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. இதில் பந்தைக் கையில் வாங்கி, யாரிடம் எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு பண்ணுகிற ஆசாமிதான் க்வார்ட்டர்பேக். அதற்குள் நூற்றிருபது கிலோ தடியன்கள் நாலைந்து பேர் அவரைக் கீழே தள்ள ஓடி வருவார்கள். பல சமயம் தள்ளியும் விடுவார்கள். அதனால்தான் ஸ்டெப்னி.

என்.எஃப்.எல். என்கிற அந்த லீக்கில் 32 அணிகள். 2002-ல் உள்ளே நுழைந்த ஜோஷ் மெக்கவுன் என்ற டெக்ஸாஸ்காரர், அவற்றில் பன்னிரண்டின் சம்பளப் பட்டியலில் பெயர் எழுதியிருக்கிறார். அரிசோனா, டெட்ராய்ட், ஓக்லண்ட், மயாமி, கரோலினா, சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ, டாம்பா, க்ளீவ்லண்ட், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, ஹூஸ்டன். நம்ம ரெவின்யூ இலாகாவில்கூட இத்தனை டிரான்ஸ்ஃபர் கிடையாது சார்! (இது ரெகார்டு இல்லை. ஜோஷ் ஜான்சன் என்று இன்னொருவர் பதினாலு அணி பார்த்திருக்கிறார். ஜோஷ் என்று பெயர் வைத்தாலே பெட்டி கட்ட வேண்டும் போலிருக்கிறது.)

மெக்கவுன் முதன்முதலில் பெயர் வாங்கியது 2003 டிசம்பர் 28-ம் தேதி. அரிசோனா அந்த வருஷம் உருப்படாத அணி. எதிரே மினசோட்டா வைக்கிங்ஸ். அவர்கள் ஜெயித்தால் அடுத்த சுற்று. கடைசி இரண்டு நிமிஷம் வரை 17-6 என்று முன்னிலையில் இருந்தார்கள். அரிசோனா ஒரு டச்-டவுன் போட்டது. பந்தையும் திரும்பப் பிடித்தது. ஆட்டத்தின் கடைசி எறி. நேரம் முடிந்துவிட்டது, கோட்டுக்கு 28 கஜம். மெக்கவுன் ஓடிக்கொண்டே மூலைக்கு எறிந்தார். நேட் பூல் என்கிற ஆட்டக்காரர் எம்பிப் பிடிக்க, இரண்டு பேர் சேர்ந்து அவரை வெளியே தள்ள, 'தள்ளாமல் இருந்திருந்தால் உள்ளேதான் இறங்கியிருப்பார்' என்று அம்பயர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். 18-17! மினசோட்டா மூட்டை கட்டியது. 'தள்ளி விட்டாலும் செல்லும்' என்ற அந்த விதியையே 2008-ல் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அதே பந்தைப் பிடித்தால் செல்லாது.

இந்த மினசோட்டாவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னியின் வாரம் எப்படிப் போகும் தெரியுமா? பயிற்சியில் பந்து பெரும்பாலும் முதல் ஆளுக்குத்தான். இரண்டாம் ஆளின் முக்கிய வேலை, வரப்போகிற எதிரணி க்வார்ட்டர்பேக் மாதிரி நடித்துக்காட்டுவது! அதாவது தன் வேலையைப் பழகாமல் அடுத்தவன் வேலையைப் பழக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முதல் ஆளுக்குத் தெரிந்த அத்தனை வியூகமும் இவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மைதான ஓரத்தில் தொப்பி, காதில் ஹெட்ஃபோன், கையில் அட்டை. மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, வியர்க்காத சட்டையோடு வீட்டுக்குப் போகலாம். அல்லது முதல் ஆளுக்குக் கணுக்கால் பிசகி, வார்ம்-அப் கூட இல்லாமல் எழுபதாயிரம் பேர் முன்னால் போய் நிற்கலாம்.

பி.காம். படித்த தோஷம், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சேஸ் டேனியல் என்று இதே உத்தியோகத்தில் ஒருவர். பதினாலு சீசனில் ஆரம்பத்திலிருந்து ஆடிய ஆட்டம் ஐந்தே ஐந்து. மொத்த சம்பாத்தியம் 4 கோடி டாலருக்கு மேல். ஒரு ஆட்டத்துக்கு எண்பது லட்சம் டாலர்! இதைப் படித்ததும் 'பேசாமல் நாமும்...' என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. மெக்கவுன் விஷயத்தைப் படித்ததும் போய்விட்டது.

நல்ல வண்டிக்கு ஸ்டெப்னி அபூர்வமாகத்தான் தேவைப்படும். ஆகவே மெக்கவுனுக்குக் கிடைத்ததெல்லாம் ஓட்டை வண்டிகள். 2009-ல் கரோலினாவில் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசன் காலி. 2010-ல் எந்த என்.எஃப்.எல். அணியும் கூப்பிடவில்லை; வேறொரு சில்லறை லீக்கில் ஆடினார். 2011-ல் சான் ஃபிரான்சிஸ்கோ சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது. வட கரோலினாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். வயது 32.

அந்த நவம்பரில் சிகாகோவிலிருந்து அழைப்பு. அங்கே முதல் ஆள் ஜே கட்லருக்குக் கட்டைவிரல் முறிவு. இரண்டாம் ஆள் ஆடிய நாலு ஆட்டமும் தோல்வி. மெக்கவுன் கடைசி இரண்டு ஆட்டம் ஆடினார். ஒன்று தோல்வி, ஒன்று வெற்றி. ஜெயித்தது யாரை? மினசோட்டாவை!

2013-ல் கட்லருக்கு மறுபடி அடி. இந்தத் தடவை மெக்கவுன் ஆடியதை நம்பவே முடியாது. எட்டு ஆட்டங்களில் தலைகாட்டி 13 டச்-டவுன் எறிந்தார். எதிராளி கையில் விழுந்தது ஒரே ஒரு பந்து. டிசம்பர் 9 திங்கள் இரவு டல்லாஸை 45-28 என்று புரட்டி எடுத்தார். நாலு எறிந்து, ஒன்றை ஓடியே போட்டார். அதற்கு அடுத்த வாரம் கட்லர் குணமாகி வந்தார். நாற்காலி அவருக்கே திரும்பப் போனது. இன்-சார்ஜ் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஆபீஸை நன்றாக நடத்திக் காட்டினாலும், லீவு முடிந்து மேனேஜர் வந்ததும் எழுந்து நிற்க வேண்டியதுதான். மெக்கவுன் கொடி பிடிக்கவில்லை. கட்லர் வந்து ஒரு ஆட்டம் ஜெயித்து, கடைசி இரண்டையும் தோற்று, சிகாகோ வெளியேறியது. என்னைக் கேட்டால் அந்தப் பயிற்சியாளர் செய்தது தப்பு. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

அந்த ஒரு சீசனைப் பார்த்து டாம்பா, 'வா, நீதான் முதல் ஆள்' என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் பேசியது. 11 ஆட்டம் ஆடி 10 தோல்வி. ஒரே வருஷத்தில் கல்தா! அடுத்து க்ளீவ்லண்ட். 2015-ன் முதல் ஆட்டத்தில் முதல் பத்து நிமிஷத்துக்குள் கோட்டை நோக்கித் தலைகுப்புறப் பாய்ந்தார். இரண்டு பக்கமும் இடி வாங்கி, காற்றில் மின்விசிறி மாதிரி சுழன்று விழுந்தார். மூளை அதிர்ச்சி, அவருக்கே ஸ்டெப்னி இறக்க வேண்டியதாயிற்று. அதே மனுஷன் அடுத்த மாதம் பால்டிமோருக்கு எதிராக 457 கஜம் எறிந்து, க்ளீவ்லண்ட் அணியின் ரெகார்டையே உடைத்தார்!

2019 ஜூனில் 'போதும் சாமி' என்று ஓய்வு. டி.வி.யில் விமரிசகர் வேலை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஃபிலடெல்ஃபியா கூப்பிட்டது. வயது 40. வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் பறந்து, மகன்கள் ஆடும் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வர அனுமதி வாங்கிக்கொண்டு சேர்ந்தார்.

2020 ஜனவரி 5. ப்ளே-ஆஃப். இத்தனை வருஷத்தில் மெக்கவுன் ப்ளே-ஆஃபில் கால் வைத்ததே இல்லை. முதல் கால் பகுதியிலேயே முதல் ஆள் கார்சன் வென்ட்ஸுக்குத் தலையில் அடி. தொப்பியையும் அட்டையையும் வைத்துவிட்டு இவர் இறங்கினார். நடுவிலேயே பின்தொடைத் தசைநார் எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டது. சொல்லவில்லை, தொடர்ந்து ஆடினார். 24 எறிந்து 18 சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கோட்டைத் தாண்ட முடியவில்லை. 17-9 தோல்வி. வெளியே வரும்போது அழுதுகொண்டு வந்தார். சக ஆட்டக்காரர் சாக் எர்ட்ஸ் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் நடக்க முடியாதவனைப் பார்த்திருக்கிறோம். நடக்க முடியாமலே வேலையை முடித்தவர் இவர்.

2020-ல் கொரோனா. வாரம் 12,000 டாலருக்கு டெக்ஸாஸில் தன் வீட்டிலேயே இருந்தபடி ஃபிலடெல்ஃபியாவின் அவசர ஸ்டெப்னி! வொர்க் ஃப்ரம் ஹோம் ஃபுட்பால்! அப்புறம் ஹூஸ்டன் கூப்பிட்டுக்கொண்டது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஆரம்பத்திலிருந்து ஆடியது 76. வெற்றி 23, தோல்வி 53. டச்-டவுன் எறிகள் 98. இரண்டு போட்டிருந்தால் நூறு. ஆடிட்டர் கண்ணுக்கு நஷ்டக் கம்பெனி. ஆனால் பன்னிரண்டு பேர் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

2018-ல் நியூயார்க் ஜெட்ஸில் 39 வயது மெக்கவுன் பக்கத்தில் ஒரு 21 வயதுப் பையனை உட்காரவைத்தார்கள். சாம் டார்னால்ட். மெக்கவுனின் நாற்காலிக்கு வந்தவன்! அவனுக்கே வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். பையன் பிறகு அங்கே, கரோலினாவில், சான் ஃபிரான்சிஸ்கோவில் என்று அலைந்தான். 'தேறாத கேஸ்' என்று எழுதிவிட்டார்கள். 2024-ல் ஒரு அணி, ஒரு வருஷத்துக்கு மட்டும், சும்மா பார்க்கலாம் என்று எடுத்தது. புதிதாக வந்த இளைஞனுக்கு முழங்காலில் அடிபட, டார்னால்ட் முதல் ஆள் ஆனார். 17 ஆட்டம், 14 வெற்றி, 35 டச்-டவுன்!

அந்த அணியில் க்வார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுக்க அதே வருஷம் வந்து சேர்ந்தவர் ஜோஷ் மெக்கவுன். அணி?

மினசோட்டா வைக்கிங்ஸ்!