தேசிய வருமானம் உயர்ந்தது என்பதன் பொருள்

கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டு நாம் செல்லும்போது அங்கத்தினர் பலர் கேட்பது ஒன்றுண்டு: "தேசத்தின் வருமானம் ஆண்டுதோறும் உயர்வதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றனவே ஐயா, எங்கள் வீட்டில் அது தெரியவில்லையே?" கேள்வி நியாயமானதே. விடையை நம் சங்கக் கணக்கிலிருந்தே பெறலாம்.

சங்கம் ஒரு சேலையை 1,000 ரூபாய்க்கு விற்றதாகக் கொள்வோம். நூலுக்கும் சாயத்துக்கும் 600 ரூபாய் சென்றிருப்பின், நாம் சேர்த்த மதிப்பு 400 ரூபாயே. நூலின் விலை நூற்பாலைக் கணக்கில் முன்பே வந்துவிட்டது. கல்வராயன் மலையின் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகும்போதும், கிழங்கின் விலை போக மிகுந்ததே ஆலையின் கணக்கில் சேரும். இவ்வாறு நாடெங்கும் சேர்ந்த மதிப்புகளைக் கூட்டி, நம்மவர் வெளிநாடுகளில் ஈட்டிய கூலி, வட்டி, இலாபங்களைச் சேர்த்து, பிற நாட்டார் இங்கு ஈட்டியவற்றைக் கழித்தால் வருவதே மொத்த தேசிய வருமானம். தறி முதலியவற்றின் தேய்மானத்தையும் கழித்தால் அது நிகர வருமானமாகும்.

இக்கணக்கை முறைப்படுத்த 1949-ல் பேராசிரியர் மகலனோபிஸ் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அந்நாளைய கணக்குப்படி, நிகர தேசிய வருமானம் 1950-51-ல் 9,530 கோடி ரூபாய். 1955-56-ல் 9,980 கோடி. உயர்வு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆனால் அவ்வைந்தாண்டுகளில் விலைவாசி இறங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளையும் 1948-49-ம் ஆண்டு விலையிலேயே மதித்தால், 8,850 கோடி 10,480 கோடியாயிற்று. உயர்வு நூற்றுக்குப் பதினெட்டு! விலை ஏறும் காலத்தில் இதற்கு நேர்மாறாக, ரூபாய்க் கணக்கு வளர்ச்சியை மிகைப்படுத்திக் காட்டும்.

அடுத்துத் தலைகளை எண்ணவேண்டும். 1950 முதல் 1980 வரை தேசிய வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 சதவீதம் வளர்ந்தது. மக்கள் தொகையும் 2 சதவீதத்துக்கு மேல் பெருகியதால், தலைக்கு ஒன்றரை சதவீதம்கூட மிஞ்சவில்லை. ஆண்டுக்கு 3.5 சதவீத வளர்ச்சியில் வருமானம் இருபது ஆண்டுகளில் இரட்டிக்கும், 1.4 சதவீத வளர்ச்சியிலோ ஐம்பது ஆண்டுகள் செல்லும்.

தலைக்கு இவ்வளவு என்பதும் சராசரியே. யாருக்கு எவ்வளவு சென்றது என்பதை அது கூறாது. கல்வராயன் மலைகள் ஜாகீர்தார்களிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்தான். அதற்கு முன்னும் மலையில் விளைந்த சாமை தேசக் கணக்கில் சேரவேண்டிய விளைவே. ஆனால் விளைத்தவரின் நிலை அக்கணக்கால் விளங்கவில்லை.

ஆகவே, அங்கத்தினர்களே, வரும் பேரவைக் கூட்டத்தில் "விற்பனை உயர்ந்தது" என்று அறிக்கை வாசிக்கப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உயர்ந்தது நூல் விலையா, நெய்த உருப்படிகளா? அங்கத்தினர் ஒருவருக்கு எவ்வளவு? கூலியாகவும் போனஸாகவும் கைக்கு வந்தது எவ்வளவு? தேசக் கணக்குக்கும் இம்மூன்றே உரைகல்.